விழாத வண்டி

மாமா தன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு என் பட்டறைக்குள் வந்த காலையில் அவருடைய இடது புருவத்துக்கு மேலே ஒரு பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. அதன் விளிம்பில் இரத்தம் காய்ந்து கறுத்திருந்தது. கிள்ளான் துறைமுகப் பக்கத்துப் பண்டமாரானிலிருந்து என் பட்டறை இருக்கும் செந்தூல் வரை ஒரு நண்பரின் சின்ன லோரியில் சைக்கிளை ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். "நெத்தியில என்ன மாமா?" என்று கேட்டேன். "அலமாரிக் கதவு பாப்பா. தொறந்து கெடந்தத பாக்கல," என்றார். அன்று மாலை அக்கா தொலைபேசியில் பேசியபோது பேச்சோடு பேச்சாக அதைப் பற்றிக் கேட்டேன். குளியலறையில் வழுக்கிவிட்டதாக அவளிடம் சொல்லியிருக்கிறார். ஒரே காயத்துக்கு இரண்டு காரணங்கள். அதை நான் அப்போதே கவனித்தேன். கவனித்துவிட்டு, மறுநாள் கொடுக்க வேண்டிய ஒரு ஜன்னல் கிரில்லை எடுத்து வேலை பார்க்க ஆரம்பித்துவிட்டேன்.

மாமா என்றால் என் அக்காவின் கணவர். அவர்களுக்குத் திருமணம் நடந்தபோது எனக்குப் பதினொரு வயது. அன்று பாப்பா என்று கூப்பிட ஆரம்பித்தவர், எனக்கு முப்பத்தெட்டு வயதாகி முன்தலையில் நரை விழுந்த பிறகும் பாப்பா என்றேதான் கூப்பிட்டார். அப்பா இல்லாத வீட்டில், நான் வெல்டிங் படிக்கப் போகிறேன் என்று சொன்னபோது சொந்தக்காரர்கள் எல்லாம் சிரித்தார்கள். பெண்பிள்ளை நெருப்போடு விளையாடுவதா என்று பெரியம்மா கேட்டதற்கு, "சோறும் நெருப்புலதான் ஆவுது" என்று சொல்லிவிட்டு விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டவர் அவர். துறைமுகத்தில் இருபத்தாறு வருடம் கொள்கலன் ஏற்றும் டிரெய்லர் ஓட்டினார். ஒரு விபத்துகூட இல்லை. அதைப் பற்றி யாராவது பெருமையாகப் பேசினால், "வண்டி ஓட்டுறது கையும் காலும் இல்ல, கண்ணு. கண்ணு தொறந்திருந்தா போதும்" என்பார்.

முதல் வலிப்பு அவருக்கு ஐம்பத்திரண்டாவது வயதில் வந்தது. துறைமுக வாசலில் லோரிகள் வரிசையாக நின்றிருந்தபோது வந்ததால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பின்னால் நின்ற ஓட்டுநர்கள் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டு இறங்கி வந்து கதவைத் திறந்திருக்கிறார்கள். இரண்டாவது, ஒரு மாதம் கழித்து வீட்டில், அக்காவின் கண்ணெதிரே. மருத்துவமனையில் மாத்திரை எழுதிக் கொடுத்து, இனி வண்டி ஓட்டக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். லோரி மட்டுமல்ல, மோட்டார் சைக்கிளும் கூடாது. கம்பெனியில் அவரை வேலையைவிட்டு நிறுத்தவில்லை. கிடங்கில் ஒரு நாற்காலி போட்டு, உள்ளே வரும் லோரிகளின் எண்களை எழுதச் சொன்னார்கள். தான் பழக்கிவிட்ட பையன்களெல்லாம் ஜன்னல் வழியே கையாட்டிவிட்டுப் போவதைப் பார்த்துக்கொண்டு அவரால் அங்கே இரண்டு மாதம்தான் உட்கார முடிந்தது.

அக்கா அப்போது வீட்டிலேயே சமைத்து, துறைமுகப் பக்கத்துக் கிடங்குகளில் வேலை செய்கிறவர்களுக்கு மதியச் சாப்பாடு பொட்டலம் கட்டி விற்றுக்கொண்டிருந்தாள். காலையில் பாசாருக்குப் போய்க் காய்கறி வாங்கி வரவும் மதியம் பொட்டலங்களைக் கொண்டுபோய்க் கொடுக்கவும் ஆள் வேண்டியிருந்தது. மாமா எங்கிருந்தோ ஒரு பழைய சைக்கிளைப் பிடித்தார். இருபத்தெட்டு அங்குலச் சக்கரம், கனத்த இரும்புச் சட்டம், கியர் கிடையாது. இரும்புக் கம்பிகள் இழுத்துப் பிடிக்கும் அந்தக் காலத்து பிரேக். அதைத்தான் என்னிடம் கொண்டு வந்திருந்தார்.

எனக்குப் பிழைப்பு கதவும் கிரில்லும்தான். ஆனால் பட்டறையின் ஒரு மூலையில் எப்போதும் இரண்டு மூன்று சைக்கிள்கள் தலைகீழாகத் தொங்கும். பிரிக்ஃபீல்ட்ஸ் அலுவலகங்களில் வேலை பார்க்கும் இளைஞர்கள் பழைய இரும்பு ஃப்ரேம்களைத் தேடிப் பிடித்துக்கொண்டு வருவார்கள். கியர்களையெல்லாம் கழற்றிவிட்டு ஒற்றைப் பல்சக்கரம் போடச் சொல்வார்கள். மாமாவுக்கு வேண்டியது அதற்கு நேர் எதிர். ஒற்றைப் பல்சக்கர வண்டிக்கு, பின்சக்கரத்தின் நடுவே உள்ளே கியர் வைத்த ஹப், நல்ல பிரேக், சாப்பாட்டுப் பெட்டி வைக்க முன்னால் ஒரு பெரிய கேரியர். "சைக்கிள் ஓட்டலாம்னு டாக்டர் சொன்னாரா?" என்று கேட்டேன். "சொல்லிட்டாருலா. சைக்கிளுக்கு லைசன்ஸா கேக்கப் போறாங்க," என்றார். நான் கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை என்பதும் எனக்குத் தெரிந்தது.

பிரேக்கும் கேரியரும் பொருத்தி முடித்து, அளவு பார்க்க அவரை மறுபடி வரச் சொன்னேன். இந்த முறை ரயிலில் வந்தார். வெயில் நன்றாக ஏறிய நேரம். சீட்டை உயர்த்திவிட்டு, நட்டை அவரே இறுக்கட்டும் என்று ஸ்பேனரைக் கொடுத்துவிட்டு, நான் குனிந்து செயினைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். ஏதோ கேட்டேன். பதில் வரவில்லை. நிமிர்ந்து பார்த்தபோது மாமா நின்றுகொண்டுதான் இருந்தார். கண்கள் திறந்திருந்தன. அவை என்னைத் தாண்டி, பின்னால் இருந்த சுவரையும் தாண்டி எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தன. உதடுகள் எதையோ சப்புவதுபோல மெல்ல அசைந்தன. இடது கை சட்டையின் இரண்டாவது பொத்தானைத் திருகிக்கொண்டே இருந்தது. வலது கையில் ஸ்பேனர் அப்படியே இருந்தது. மாமா, மாமா என்று கூப்பிட்டேன். முகத்துக்கு முன்னால் கையை ஆட்டினேன். ஆளில்லாத வீட்டில் விளக்கு எரிவதைப்போல இருந்தது அந்த முகம். ஒரு நிமிடம் இருக்கும். பிறகு கண்ணைச் சிமிட்டி, கையிலிருந்த ஸ்பேனரைப் பார்த்து, "இத எப்ப குடுத்த?" என்று கேட்டார்.

அவரை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தேன். முதலில் மறுத்தார். தூக்கம் போதவில்லை என்றார். நான் பார்த்ததை ஒவ்வொன்றாகச் சொன்னதும் தலையைக் குனிந்துகொண்டார். மாத்திரை ஆரம்பித்த பிறகு கீழே விழுந்து துடிக்கும் வலிப்பு ஒருமுறைகூட வரவில்லை, இது மட்டும் அவ்வப்போது வருகிறது, வருவது தனக்கே தெரியாது, முடிந்த பிறகு கொஞ்ச நேரம் காணாமல் போயிருப்பதை வைத்துத்தான் தெரிந்துகொள்கிறேன் என்றார். புருவத்துக் காயம் அலமாரியும் இல்லை, குளியலறையும் இல்லை. பாசார் போகும் வழியில் சைக்கிளோடு சாய்ந்திருக்கிறார். டாக்டரிடம் இதைச் சொல்லவில்லை. சொன்னால் சைக்கிளும் போய்விடும். "அக்காகிட்ட சொல்லிடாத பாப்பா. அவ என்னய வீட்டுல உக்கார வச்சிருவா. அந்த நாக்காலியில உக்காந்து பாத்துட்டேன். அது சாவு." எனக்காக அத்தனை பேர் முன்னால் கையெழுத்துப் போட்டவர் என்னிடம் முதல் தடவையாக ஒன்று கேட்கிறார். சரி என்று சொன்னேன். அந்த ஒரு சொல்லை நான் எத்தனையோ தடவை திருப்பிப் பார்த்துவிட்டேன். வேறு எந்தச் சொல்லைச் சொல்லியிருக்கலாம் என்பது இப்போது சுலபமாகத் தெரிகிறது. அன்று, எதிரில் அந்த முகம் இருந்தபோது, தெரியவில்லை.

சும்மா சரி என்று சொல்லவில்லை, ஒரு நிபந்தனை வைத்தேன் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். நிபந்தனை இதுதான்: இரண்டு சக்கர வண்டி வேண்டாம், அதை மூன்று சக்கரமாக மாற்றித் தருகிறேன், அதில்தான் போக வேண்டும். எனக்கு அது பெரிய தீர்வாகத் தோன்றியது. அவர் காயப்பட்டது விழுந்ததால். விழாத வண்டி இருந்தால் காயம் இல்லை. ஒரு நிமிடம் எங்கேயோ போய்விட்டுத் திரும்பும்போது சீட்டில் அப்படியே உட்கார்ந்திருப்பார். இரும்பு வேலை செய்கிறவள் இரும்பிலேயே பதிலைத் தேடினேன்.

அந்த வேலைக்கு எனக்கு மூன்று வாரம் ஆனது. என் வாழ்க்கையில் அவ்வளவு கவனமாக வேறெந்த வண்டியையும் செய்ததில்லை. பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டு, அது பூட்டியிருந்த இடத்தில் ஒரு புதுச் சட்டத்தைப் பொருத்தினேன். சட்டத்தின் இரு முனைகளிலும் பேரிங் வைத்து, நடுவில் நீளமான அச்சைச் செலுத்தினேன். செயினை நீட்டி, அச்சில் ஒரு பல்சக்கரம் போட்டேன். கியர் ஹப்பை விட்டுவிட்டேன். வேகம் தேவையில்லை என்று நினைத்தேன். இரண்டு பின்சக்கரங்களையும் அச்சோடு பிணைத்தால் வளைவில் வண்டி திரும்ப அடம்பிடிக்கும் என்பதால் ஒன்றை மட்டும் பிணைக்க வேண்டும், மற்றது தன்பாட்டுக்குச் சுற்ற வேண்டும். செயின் வலது பக்கம் இருந்ததால், வேலை சுலபம் என்று வலது சக்கரத்தைப் பிணைத்தேன். இரண்டு சக்கரங்களுக்கும் நடுவே சாப்பாட்டுப் பெட்டிக்குத் தட்டு. சட்டம் முழுவதும் பழைய வண்ணத்தைச் சுரண்டி, கரும்பச்சை அடித்தேன். வெல்டிங் போட்ட ஒவ்வோர் இணைப்பையும் சுத்தியால் தட்டிப் பார்த்தேன். எதுவும் உடையக் கூடாது. எதுவும் உடையவில்லை. கடைசிவரை என் இணைப்புகளில் ஒன்றுகூட விடவில்லை.

முதல்முறை ஓட்டிப் பார்த்தபோது மாமா சின்னப்பிள்ளைபோலச் சிரித்தார். பட்டறைக்குப் பின்னாலிருக்கும் சந்தில் இரண்டு முறை போய்வந்தார். வண்டியை நிறுத்திவிட்டு, காலைத் தரையில் ஊன்றாமல் உட்கார்ந்து கைகளைக் கட்டிக்காட்டினார். பிறகு சொன்னார்: "ஒன்னே ஒன்னு பாப்பா. லேசா இடது பக்கம் இழுக்குது." நான் விளக்கினேன். நம் சாலைகள் எல்லாமே நடுவில் உயர்ந்து ஓரத்தில் சரிந்திருக்கும், மழைநீர் ஓரத்து லோங்காங்கில், அந்தச் சிமெண்டு வடிகாலில், இறங்குவதற்காக. இரண்டு சக்கர வண்டி அந்தச் சரிவைக் கண்டுகொள்ளாது. மூன்று சக்கரம் சரிவோடு சாயும். வலது சக்கரம் தள்ளுவதாலும் கொஞ்சம் இடப்பக்கம் போகும். "கைய நேரா புடிச்சிருந்தா ஒன்னும் இல்ல மாமா," என்றேன். சொல்லும்போது என் காதில் அது சாதாரண வாக்கியமாகத்தான் விழுந்தது.

அடுத்த நான்கு மாதங்கள் நல்ல மாதங்கள். அதை மறைக்க விரும்பவில்லை. மாமா திரும்பவும் மாமாவாக இருந்தார். பதினொன்றரை மணிக்கு அறுபது பொட்டலங்களை அடுக்கிக்கொண்டு கிளம்பி, கிடங்கு கிடங்காகக் கொடுத்துவிட்டு, பழைய சிநேகிதர்களோடு கடையில் ஒரு தே தாரிக் டீ குடித்துவிட்டு, இரண்டு மணிக்குள் வீட்டுக்கு வந்துவிடுவார். தன் பழைய கம்பெனிக்குள்ளேயே அந்த வண்டியை ஓட்டிக்கொண்டு போய்ச் சாப்பாடு கொடுத்தாராம். 'தீகா ரோடா அங்கிள்', மூன்று சக்கர அங்கிள், என்று அங்கே பெயர் வைத்துவிட்டார்கள் என்று அக்கா சிரித்துக்கொண்டே சொன்னாள். அவள் அப்படிச் சிரித்து நெடுநாள் ஆகியிருந்தது. அந்தச் சிரிப்பைக் கேட்டதும் நான் செய்தது சரிதான் என்று நினைத்தேன்.

மாதம் ஒருமுறை ஞாயிற்றுக்கிழமை நான் கோமுட்டர் ரயில் பிடித்துக் கிள்ளானுக்குப் போய், அங்கிருந்து பண்டமாரானுக்குப் போவேன். சாப்பிட்டுவிட்டு, வண்டிக்கு எண்ணெய் விட்டு, செயினைப் பார்த்துவிட்டு வருவது வழக்கம். மூன்றாவது மாதம் இடது பின்சக்கரத்தின் ரிம்மில் சிராய்ப்பைப் பார்த்தேன். சிமெண்டில் உராய்ந்த வெள்ளைக் கோடு, ஒரு சாண் நீளம். ரிம் கொஞ்சம் கோணியும் இருந்தது. "நிறுத்துறப்போ செவத்துல பட்டிருச்சு," என்றார் மாமா, நான் கேட்பதற்கு முன்பாகவே. நிறுத்தும்போது உராய்ந்த ரிம் அப்படிக் கோணாது. எனக்குத் தெரியும். கம்பிகளை ஒவ்வொன்றாக இறுக்கியும் தளர்த்தியும் ரிம்மை நேராக்கினேன். வேலை முடிந்தபோது சக்கரம் ஒரு நூல்கூட ஆடாமல் சுற்றியது. அக்கா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "வண்டி நல்லாருக்கா?" என்று கேட்டாள். "நல்லாருக்கு," என்றேன்.

அடுத்த மாதம் போனபோது சிராய்ப்பு ரிம்மில் இல்லை, அச்சின் முனையில் இருந்தது. நட்டின் தலை தேய்ந்து பளபளத்தது. லோங்காங்கின் மேலுள்ள சிறு பாலத்தின் சிமெண்டுக் கட்டைச்சுவரை உரசி ஓடிய வண்டியில்தான் அப்படித் தேயும். அக்கா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த நேரத்தில் மாமாவை வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போய் அதைக் காட்டினேன். அவர் நெடுநேரம் அதைப் பார்த்தார். தனக்கும் அது புதுச் செய்திபோல. "முழிச்சிப் பாத்தப்போ ஓரத்துல இருந்தேன். ஒரு தடவதான்," என்றார். அப்போது மாமா பயந்திருந்தார். அவர் பயந்து நான் பார்த்ததில்லை. டாக்டரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும், அடுத்த அப்பாய்ன்மென்ட் எப்போது என்று கேட்டேன். மூன்று வாரம் இருக்கிறது என்றார். அதுவரை வண்டியை எடுக்கக் கூடாது என்று சொல்லியிருக்க வேண்டும். அவரும் பாதி எதிர்பார்த்து என் முகத்தைப் பார்த்தார் என்றுதான் இப்போது தோன்றுகிறது. நான் சொன்னது, "அதுவரைக்கும் மெதுவா போங்க." டாக்டரைப் பார்த்த பிறகு அக்காவிடம் நானே பேசுகிறேன் என்றும் சொன்னேன். "சரி பாப்பா," என்றார்.

மூன்று வாரத்தில் எட்டு நாள் மீதம் இருந்தது. காலையில் பெய்த மழை விட்டு வெயில் அடித்துக்கொண்டிருந்த ஒரு மதியம். பட்டறையில் நான் முகமூடியை இறக்கிவிட்டு வெல்டிங் செய்துகொண்டிருந்ததால் தொலைபேசி மணி அடித்தது கேட்கவில்லை. எடுத்துப் பார்த்தபோது அக்காவிடமிருந்து ஒன்பது அழைப்புகள் வந்திருந்தன. திரும்பக் கூப்பிட்டேன். பக்கத்து வீட்டு ஆன்டி எடுத்தார். கிள்ளான் ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னார், அவ்வளவுதான் சொன்னார். ஒரு கையுறையைக் கழற்ற மறந்து நான் ரயிலேறியதை, எதிரே இருந்த ஒரு பெண் என் கையையே பார்த்துக்கொண்டிருந்த பிறகுதான் உணர்ந்தேன். போய்ச் சேர்ந்தபோது மாமா உயிரோடு இல்லை. லோங்காங்கில் தண்ணீர் முழங்கால் அளவுதான் இருந்ததாம். தலை விளிம்பில் மோதி, முகம் தண்ணீருக்குள் கிடந்திருக்கிறது, மேலே வண்டி.

அவருக்குப் பின்னால் வந்த லோரிக்காரர் ஒரு மலாய்க்காரர். லோரியை அப்படியே நடுச்சாலையில் நிறுத்திவிட்டு லோங்காங்கில் இறங்கித் தூக்கியவர் அவர்தான். ஆஸ்பத்திரி வாசலில், முழங்கால்வரை சேறு காய்ந்த கால்சட்டையோடு நின்றுகொண்டிருந்தார். என்ன நடந்தது என்று நான் மலாயில் கேட்டேன். அவர் தன் இரண்டு கைகளையும் நீட்டிக் காட்டி, பார்த்ததைப் பார்த்தபடி சொன்னார். அங்கிள் நன்றாக நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். வேகம் ஒன்றும் இல்லை. வண்டி கொஞ்சம் கொஞ்சமாக இடது பக்கம் போனது. வழி விடுகிறார் என்று நினைத்தேன். ஹாரன் அடித்தேன். திரும்பிப் பார்க்கவில்லை. விளிம்புக்குப் போன பிறகும் கால்கள் மிதித்துக்கொண்டேதான் இருந்தன. "சாதாரண சைக்கிளாக இருந்தால் நடுரோட்டிலேயே சாய்ந்திருப்பார், நான் பிரேக் போட்டிருப்பேன்," என்றார். அவர் யாரையும் குற்றம் சொல்லவில்லை. அந்த வண்டியைச் செய்தது யார் என்று அவருக்குத் தெரியாது.

சாதாரண சைக்கிள் ஓட்டுகிறவன் இல்லாமல்போனால் விழுந்துவிடுகிறது. விழுவதால் நின்றுவிடுகிறது. அது அதன் குறை என்று நினைத்து நான் நீக்கினேன். விழாமல் இருக்க எல்லாம் செய்தேன். நிற்பதற்கு ஒன்றும் செய்யவில்லை. கையை இறுக்கிப் பிடித்திருக்கும்வரை ஓடி, கை தளர்ந்தால் தானாகவே பிரேக் விழுகிற மாதிரி ஒரு நெம்புகோல் வைத்திருக்கலாம். அரைநாள் வேலை. இடது சக்கரத்தைப் பிணைத்திருந்தால் அது சரிவுக்கு எதிராகத் தள்ளியிருக்கும். இவையெல்லாம் பதினாறாம் நாள் காரியம் முடிவதற்குள் எனக்கு வரிசையாகத் தோன்றிவிட்டன. ஆனால் இவை எல்லாமே இரும்பைப் பற்றிய யோசனைகள் என்பதும் அப்போது எனக்குப் புரிந்தது. வண்டியைப் பற்றி யோசித்துக்கொண்டே இருந்தால், நான் வாயைத் திறக்காததைப் பற்றி யோசிக்க வேண்டியதில்லை.

இரண்டு மாதம் கழித்துக் காவல் நிலையத்திலிருந்து வண்டியைத் திருப்பிக் கொடுத்தார்கள். அக்கா அதை வீட்டில் இறக்கவிடவில்லை. லோரி பிடித்து செந்தூலுக்குக் கொண்டு வந்தேன். அடுத்த நாள் காலையில் அக்கா தனியாக ரயிலேறி வந்துவிட்டாள். பட்டறைக்குள் அவள் அதிகம் வந்ததில்லை. ஒரு பிளாஸ்டிக் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "வெட்டிப் போடு. நான் பாக்கணும்," என்றாள். முன்சக்கரம் வளைந்திருந்தது. மற்றதெல்லாம் அப்படியே இருந்தது. அச்சு நேராக இருந்தது. வெட்டும் இயந்திரத்தைக் கையில் எடுத்த பிறகு என்னால் அதை ஓடவிட முடியவில்லை. கீழே வைத்தேன்.

"அக்கா, ஒன்னு சொல்லணும்."

"சொல்லு."

சொன்னேன். ஸ்பேனரைப் பிடித்துக்கொண்டு அவர் நின்றது, பொத்தானைத் திருகிய கை, அவர் கேட்டது, நான் சரி என்றது, ரிம், அச்சின் முனை, மூன்று வாரம். ஒன்றையும் விடவில்லை. அக்கா என்னைப் பார்க்காமல் வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் எழுந்து போய்விடுவாள், அல்லது அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அடித்தால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன்.

"எனக்குத் தெரியும்," என்றாள்.

நான் மறைத்தது தெரியும் என்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். அது இல்லை.

"அவருக்கு அப்படி வர்றது எனக்குத் தெரியும்டி. சாப்புட்டுக்கிட்டே இருப்பாரு, கை சோத்துலயே நின்னுரும். வாய் மட்டும் சப்புக்கொட்டும். நான் பக்கத்துல இருக்கிற சுடுதண்ணிய நகத்தி வச்சிட்டு, முடியட்டும்னு உக்காந்திருப்பேன். முடிஞ்சதும் ரசம் ஊத்தவான்னு கேப்பேன். ஒன்னுமே நடக்காத மாதிரி ஊத்தும்பாரு. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சிக்கிட்டே போயிட்டாரு."

"என்கிட்ட ஏன்க்கா சொல்லல?"

"சொன்னா நீ வண்டி செஞ்சி குடுக்க மாட்ட."

சந்தில் யாரோ மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போனார்கள். சத்தம் அடங்கியதும் அக்கா தொடர்ந்தாள்.

"அந்த ரெண்டு மாசம் அவர் அந்த நாக்காலியில உக்காந்துட்டு வருவாரே, நீ பாத்ததில்ல. வந்து சட்டையக்கூட கழட்டாம செவத்தப் பாத்துக்கிட்டு இருப்பாரு. அதுக்கு இது தேவலன்னு விட்டேன். ரெண்டு சக்கரத்துல போனப்பல்லாம் வயித்துல நெருப்பக் கட்டிக்கிட்டு இருந்தேன். நீ மூனு சக்கரம் போட்டு அனுப்புன அன்னிக்குத்தான் தூங்குனேன். என் தங்கச்சி செஞ்சது, விழாதுன்னு."

வெட்டும் இயந்திரத்தை எடுத்து ஓடவிட்டேன். என் இணைப்புகளை என்னாலேயே அறுப்பது கடினமாக இருந்தது. அவ்வளவு ஆழமாக உருக்கி ஊற்றியிருந்தேன். அறுக்கும்போது பொறி பறந்து அக்காவின் காலருகே விழுந்தது. அவள் காலை இழுத்துக்கொள்ளவில்லை. மதியம்வரை ஆனது. பிறகு இருவரும் கடைக்குப் போய், எதிரெதிரே உட்கார்ந்து, தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டோம்.

இது நடந்து மூன்று வருடம் ஆகிறது. மூன்று சக்கர வண்டி கேட்டு இப்போதும் ஆட்கள் வருகிறார்கள். யாருக்கு, என்ன வயது, என்ன நோய், என்ன மாத்திரை என்று கேட்கிறேன். சைக்கிள் செய்கிறவளுக்கு அது எதற்கு என்று சிலர் முகம் சுளிக்கிறார்கள். கை தளர்ந்தால் நின்றுவிடும் பிரேக் இல்லாமல் நான் இப்போது எதையும் வெளியே அனுப்புவதில்லை. நாள் முழுக்கப் பிடித்திருக்கக் கை வலிக்கிறது, அதைக் கழற்றிவிடுங்கள் என்று ஒருவர் வந்து நின்றார். முடியாது என்றேன். வேறு எங்கேயோ போய்க் கழற்றியிருப்பார். அவர் வண்டியில் எந்தச் சாலையில் போய்க்கொண்டிருக்கிறார் என்று மழை பெய்யும் நாட்களில் நினைத்துக்கொள்வேன்.

அக்கா இன்னும் பண்டமாரானில்தான் இருக்கிறாள். சமையல் குறைந்துவிட்டது. நானும் அவளும் அடிக்கடி பேசுகிறோம், ஆனால் பட்டறையில் அன்று பேசியதை மறுபடி பேசியதில்லை. ஒருவர் மேல் ஒருவர் கோபப்பட எங்களுக்குச் சமமாகவே உரிமை இருந்ததால், இருவருமே அந்த உரிமையைப் பயன்படுத்தவில்லை என்று நினைக்கிறேன். அவள் குரலில் கொஞ்சம் களைப்பு தெரிந்தாலும் எனக்கு உள்ளே ஏதோ எழுந்து நின்றுவிடும். கேட்கலாமா என்று யோசிப்பேன். கேட்டால், ஒன்றுமில்லை என்ற அந்தப் பழைய பதில் வந்துவிடுமோ என்று பயந்து கேட்காமல் விட்டதும் உண்டு.

போன வாரம் செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு அவளே கூப்பிட்டாள். சாப்பிட்டாயா என்றுகூடக் கேட்கவில்லை. "எந்திரிச்சப்போ தல சுத்திச்சு. செவத்தப் புடிச்சிக்கிட்டு நின்னேன். முந்தாநாளும் இப்படித்தான். உன்கிட்ட சொல்லணும்னு தோணுச்சு, சொல்லிட்டேன்," என்றாள். உட்கார், எழுந்திருக்காதே, நான் வருகிறேன் என்றேன். கதவொன்று பாதி வெல்டிங்கில் கிடந்தது. அதைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, ஷட்டரை இறக்கிப் பூட்டி, கிள்ளான் போகும் ரயிலைப் பிடித்தேன்.